ஒரே பெஞ்சில் இரண்டு கட்சி

கட்சிகள்தான் தேர்தலைக் கெடுக்கின்றன என்று படித்தவர்கள் பேசும்போது நானும் தலையாட்டுவேன். என் தேர்தலைக் கெடுத்தது ஒரு கட்சிதான். ஆனால் நான் பழிவாங்க உட்கார இடம் கொடுத்தது இன்னொரு கட்சி. அதனால் என்னிடம் நடுநிலையான பதிலை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆந்திராவில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், வாக்காளர் பட்டியல் தெலுங்கில். நான் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். இருபது வருடம் கட்சிக்காக வீடு வீடாகப் போய், பட்டியலில் அவரவர் பெயரைத் தேடி, வரிசை எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் செத்துப்போனார், யார் சென்னைக்குப் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் வீட்டுக்காரர் அதே கட்சிக்கு பூத் ஏஜென்ட். ஓட்டுச்சாவடிக்குள் கட்சியின் சார்பில் உட்கார்ந்து, வருகிறவர் சரியான ஆள்தானா என்று பார்ப்பது அவர் வேலை.

பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் ஊர் சர்பஞ்ச் பதவி, அதாவது ஊராட்சித் தலைவர் பதவி, பெண்களுக்கு என்று வந்தது. அந்தத் தேர்தலில் கட்சி கிடையாது என்பதெல்லாம் காகிதத்தோடு சரி. யார் நிற்பது என்று கட்சிதான் சொல்லும். என்னை நிற்கச் சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சர்பஞ்ச் நாற்காலியைவிட, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக மறைப்புக்குள் போய் நான் வேண்டுமா வேண்டாமா என்று குத்துவார்களே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் கட்சியில் ஒரு வழக்கம். வேட்புமனு போடும் அன்றைக்கே வாபஸ் கடிதத்திலும் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், பின்னால் ஆள் கை நழுவிப் போகாமல் இருக்க. எத்தனையோ பேரிடம் நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் நீட்டியபோதும் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன். கட்சிக்கு வெளியே இருக்கும் எவளும் இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டாள்.

வாபஸ் நாள் காலையில் இரண்டு கட்சித் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். தனியாக மனு போட்டிருந்த ஒரு கான்ட்ராக்டரின் மனைவியை ‘ஏககிரீவம்’ ஆக்குவது, அதாவது போட்டியே இல்லாமல் சர்பஞ்ச் ஆக்குவது என்று முடிவானது. எதிர்க்கட்சிக்காரி தன் மனுவைத் திரும்ப வாங்கினாள். என் கடிதமும் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவர் என் மனுவை முன்மொழிந்தவர். என் வீட்டுக்காரர்.

மதியத்துக்கு மேல் நோட்டீஸ் போர்டில் ஒரே ஒரு பெயர் இருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். ஊர் ஒற்றுமைக்காகச் செய்தேன் என்றார். அந்த ஒற்றுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவருக்குச் சோறு போட்டேன், பேச்சை நிறுத்திவிட்டேன்.

சட்டசபைத் தேர்தல் வருவதற்குள் அந்த இரண்டு தலைவர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அளவுக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் நேராக எதிர்க்கட்சி ஆபீசுக்குப் போனேன். அவர்களும் யோக்கியர்கள் இல்லை, அந்த டீயில் அவர்களுக்கும் பங்கு உண்டு. எனக்கு யோக்கியர்கள் தேவைப்படவில்லை. எங்கள் பூத்தில் ஏஜென்ட் வேலை மட்டும் போதும் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள்.

காலை ஏழு மணிக்கு அந்தப் பள்ளிக்கூட அறையில், ஏஜென்ட்டுகளுக்குப் போட்டிருந்த பெஞ்சில், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு வியர்த்தது. என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். ஊரைவிட்டுப் போனவர்களின் பழைய ஓட்டர் கார்டுகள் கட்சி ஆபீசில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக இருக்கும். அந்த மங்கிய போட்டோக்களில் எல்லோரும் ஒரே சாயல். பதினோரு மணிக்கு மேல் வேறு ஆட்கள் அவற்றோடு வருவார்கள். இத்தனை வருடம் அவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த கை என்னுடையது. அந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் அன்றைக்குத் தீர்த்துக்கொண்டேன்.

முதல் ஆள் வந்தான். பெயரைப் படித்ததும் ஆட்சேபம் என்றேன். அதிகாரி வேறு மண்டலத்துக்காரர், அவருக்கு இங்கே ஒரு முகமும் தெரியாது. நாங்கள் இரண்டு பேர் ஒத்துப்போனால் அவர் கண்ணை யாரும் கட்டிவிடலாம். என் வீட்டுக்காரரிடம் கேட்டார். இவன்தான் என்றார் அவர். நான் அந்தப் பெயர்க்காரனின் அப்பா பெயரைக் கேட்டேன். வந்தவன் விழித்தான், திரும்பிப் போனான். இரண்டாவது ஆளும் அப்படியே. எனக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மூன்றாவதாக வந்தவள் கான்ட்ராக்டர் தோப்பில் மாங்காய் பறிக்கப் போகிறவள். பயத்தில் தலையை நிமிர்த்தாமலே கார்டை நீட்டினாள். பாவம் என்று நான் நினைக்கவே இல்லை, ஆட்சேபம் என்றேன். அதிகாரி தெலுங்கில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள், இவர் அந்தப் பெண்தானா என்றார். வரிசையில் நின்ற ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல சார்,” என்றார். “இது அவ இல்ல.”

ஒரு மணி நேரத்தில் கட்சி அவரை வெளியே வரச் சொல்லி, வேறு ஆளை உட்கார வைத்தது. அதற்குப் பிறகு அந்தக் கார்டுகளோடு ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் மெஷினுக்குச் சீல் வைத்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாகத் தோளில் கிடந்த கட்சித் துண்டு அன்றைக்கு இல்லை.

“இன்னா மே, இப்போ மனசு ஆறிச்சா?” என்றார்.

வாபஸ் நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவரிடம் வாயைத் திறந்தேன்.

“இல்ல. அடுத்த பஞ்சாயத்துக்கு எந்தக் கட்சியும் இல்லாம நான் நிக்கப் போறேன். உள்ள எனக்கு ஏஜென்ட்டா உக்கார ஒரு ஆளு வேணும். நீ வந்து உக்காரு. ஊரு என்னத் தோக்கடிச்சாலும் தோக்கடிக்கட்டும், எனக்கு விழுந்த ஓட்ட நீயே உன் கையால எண்ணிட்டு வந்து சொல்லு. அப்போ ஆறும்.”