கார்ட் இலக்கம் போடப் பயந்த கனடா அக்கா

வங்கிக்குப் பலமுறை அலைந்து, எங்கள் மிளகாய்த்தூள் இணையக் கடையில் கார்டில் பணம் கட்டும் வசதியை ஒருவழியாகப் போட்டேன். இந்த மாதமும் அதில் ஒருவரும் கட்டாவிட்டால் இணைப்பை நிறுத்திவிடுவார்களாம்.

இன்று காலை கனடாவிலிருந்து ஒரு அக்கா அழைத்தார். தூளைத் தெரிவுசெய்து கடைசிப் பக்கம்வரை வந்துவிட்டாராம்.

"தம்பி, கார்ட் நம்பர் கேக்குது. பயமாக் கிடக்கு."

"பயப்பிடாதேங்கோ அக்கா. நம்பர் எனக்கு வராது, நேரை வங்கிக்குத்தான் போகும்."

"உதெல்லாம் எனக்கு விளங்காது. என்ரை தங்கச்சி அங்கை ஊரிலை, நெல்லியடியிலை இருக்கிறா. அவவிட்டைப் போய்க் காசை வாங்குமன்."

"ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன். ஒருத்தரும் போடாட்டி இந்தக் கார்ட் வசதியை வங்கிக்காரர் நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"நல்லதுதானே. பிறகு எங்களிட்டை நம்பர் கேக்கமாட்டீர்."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெல்லியடிக்குப் போனேன். அக்காவின் தங்கச்சி என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

"அக்கா கதைச்சவ அண்ணை. தூள் அங்கை போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் காசு குடுக்கட்டாம்."

மாதம் முடியப்போகிறது. தூளுக்கு வேறு ஓடரும் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, உண்மையைச் சொல்லுங்கள். உங்களில் ஒருவராவது என் கடையில் கார்ட் இலக்கம் போடுவீர்களா, அல்லது ஊரிலுள்ள தங்கச்சிமாரின் விலாசத்தைத்தான் அனுப்பப் போகிறீர்களா?