பர்மா போய்வந்த விரிப்பு

செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய அவர், சண்டையில் பர்மா வரை போய்வந்த சிப்பாய். நல்ல உயரம், வலது காதில் பாதி இல்லை. பேரை நான் கேட்டதேயில்லை. பட்டாளத்திலிருந்து ரப்பர் பூசிய விரிப்பு ஒன்று கொண்டுவந்திருந்தார். கழுத்தில் பொத்தான் போட்டால் மழைக்கோட்டு, தரையில் போட்டால் படுக்கை, இரண்டைச் சேர்த்துக் கட்டினால் கூடாரம். மழை விட்டதும் அதைத் துடைத்து, மூங்கில் கழியில் பாய்போலச் சுற்றிவைப்பார். அவர் அதை மடித்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஐப்பசி மாலை, ஆபீஸ் காகிதக் கட்டுகளோடு அவர் வண்டியில் வந்தேன். அடைமழை. எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது. விரிப்பைக் கழற்றி என்மேல் போர்த்தினார்.

"நாளைக்குக் குடு சார். நெழல்ல காயவுடு. அனல் ஆவாது அதுக்கு."

காலைக்குள் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன். ரப்பர் இளகி ஒட்டிக்கொண்டது. பிரித்த இடமெல்லாம் கிழிந்தது. மறுநாள் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, சுருட்டி வண்டியில் வைத்துவிட்டு நழுவினேன்.

அடுத்த மழையில் காகிதக் கட்டுகளோடு ஸ்டேஷன் வாசலுக்கு வந்தபோது அவர் தலையில் கோணிச்சாக்கு இருந்தது. "விரிப்பு எங்கே?" என்று வெட்கமில்லாமல் நானே கேட்டேன்.

"பாழாப் பூட்ச்சு சார். நீ வெச்சிட்டுப் போனத பிரிச்சிப் பாக்காம நாலு நாள் வெயில்லயே வுட்டுட்டேன். பர்மாவுல மூணு மழக்காலம் தாங்கிச்சு, எங்கிட்ட தாங்கல."

சொல்லிக்கொண்டே தலையிலிருந்த சாக்கை எடுத்து நீட்டினார். "இந்தா, காயிதம் நனையுது பாரு."

வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.