பரீஹா டிராவல்ஸ்

நசீருக்கு வயது முப்பத்தாறு. பிழைப்பு, மும்பை தாராவியில் மன்சூர் அலியின் காரகானாவில், அதாவது பை தைக்கும் பட்டறையில், கட்டிங். மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் பஸ் செய்வான். சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான். பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதைச் செய்த கம்பெனி நாலு பஸ்ஸும் ரெண்டு ஊரும் வைத்துவிட்டுப் போய்விட்டது. புது பஸ், புது ரோடு, புது ஹாரன் என்று மற்றதையெல்லாம் ஆடுகிறவர்களே செய்து ஒரு தளத்தில் போட்டு வைக்கிறார்கள். வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. இதற்குத்தான் மோட் என்று பெயர்.

குர்லாவில் பேரம் பேசி வாங்கிய பழைய கம்ப்யூட்டரைப் பீரோவுக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் திணித்து வைத்திருந்தான். முதலில் செய்தது சீட்டு உறை மட்டும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. ரெக்சின் எங்கே இழுபடும், எந்த மூலையில் சுருங்கும், தையல் எங்கே உள்ளே போகும் என்பதெல்லாம் பதினெட்டு வருஷமாக அதையே வெட்டுகிறவனுக்குத் தெரியாதா? ஆசை ஆசையாகத் தளத்தில் ஏற்றினான். மறுநாள் பார்த்தால் இருபது பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: சீட்டெல்லாம் ஏன் பளீரென்று ரோஸ் கலரில் இருக்கிறது?

இவன் கம்ப்யூட்டரில் அது அருமையான மெரூன். நடந்தது இதுதான். சீட்டின் படத்தை, மகள் பெயரில் 'பரீஹா' என்று வைத்திருந்த ஃபோல்டரில் போட்டுவிட்டு, அங்கேயிருந்து எடுத்துக்கொள் என்று மோடுக்குச் சொல்லியிருந்தான். ஊரில் உள்ளவன் கம்ப்யூட்டருக்கெல்லாம் பரீஹா எங்கே போவாள்? படம் கிடைக்காவிட்டால் அந்த விளையாட்டு ரோஸை அப்பிவிடும். அதைச் சரி செய்கிறேன் பேர்வழி என்று விளையாட்டின் சொந்த ஃபைல்களிலேயே கை வைத்து, அதுவும் திறக்காமல் போய், முழுசையும் மறுபடி இறக்க வேண்டியதாயிற்று.

இத்தனை அடியும் பட்டபின் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினான். மோட் செய்யப் புதிதாக வருகிற தமிழ்ப் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் அதில் உண்டு. தமிழில் எழுத நசீருக்குக் கை வராது. எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான்.

"இந்தா பாரு தம்பி, எடுத்ததும் ஊரையே கட்டப் போவாத. ஒரு ஹாரன மாத்து. அது ஓடுதான்னு பாரு. அப்புறம் அடுத்தது. கேமோட ஃபைல் மேல கைய வைக்கதுக்கு முன்னால ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோ. நான் வைக்காம அழுதேன். உன் கம்ப்யூட்டர்ல ஓடுனா போதாது, கூட்டாளி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு. எந்த ஃபோல்டர்ல போடணும், எந்த வெர்ஷனுக்கு ஓடும், வேண்டாம்னா எப்படிக் கழட்டணும்னு கூடவே ஒரு குறிப்பு எழுதிப் போடு. எவனாவது திட்டி எழுதுனா உடனே பதிலுக்குத் திட்டாத. திட்டுல பாதி உண்மையாத்தான் இருக்கும்."

எல்லாம் சரியான பேச்சு. ஒன்றை மட்டும் அவன் சொல்லவில்லை. மறைக்கவில்லை, பாவம். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அதற்குக் காரணம் அவன் தொழில். காரகானாவில் ஒரு பை எப்படிப் பிறக்கிறது? கடைக்காரன் எங்கேயோ வாங்கிய ஒரு பையைக் கொண்டு வந்து மேஜையில் போடுவான். அதற்குப் பெயர் சாம்பிள். நசீர் பிளேடால் தையலைப் பிரிப்பான். பை துண்டு துண்டாக வந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் அட்டையில் வைத்துக் கோடு போட்டு வெட்டினால் பேட்டர்ன் தயார். சாயங்காலத்துக்குள் அதே மாதிரி புதுப் பை மேஜையில் நிற்கும். முதல் பையைச் செய்தவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துக் காரகானாக்காரன் இவர்கள் பையைப் பிரித்தாலும் இவர்கள் சண்டைக்குப் போவதில்லை. பதினெட்டு வருஷமாக அதுதான் நடைமுறை.

ஆகவே தளத்தில் ஒரு வெள்ளை ஆபீஸ் பஸ் கண்ணில் பட்டதும் நசீர் வழக்கம்போலச் செய்தான். அணுசக்தி நகர் ஊழியர்களை ஏற்றிப் போகிற பழைய பஸ் அது. யாரோ ஒருவர் அச்சு அசலாகச் செய்து போட்டிருந்தார். ஆனால் உள்ளே சப்பையான சீட்டு, ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி. அறுநூறு பேர்தான் இறக்கியிருந்தார்கள். நசீர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தான். தன் சீட்டைப் போட்டான். சயான் சிக்னலில் போனை நீட்டிப் பிடித்து உண்மையான ஹாரன் பதிவு செய்தான். ஜன்னலுக்குத் திரை மாட்டினான். பஸ்ஸின் நெற்றியில் தமிழில் 'பரீஹா டிராவல்ஸ்' என்று எழுதினான். நாலே நாள். செய்தவர் நசீர் என்று போட்டு ஏற்றிவிட்டான்.

அடேயப்பா, என்ன ஓட்டம்! மூன்று மாதத்தில் பதினோராயிரம் பேர் இறக்கினார்கள். இந்தோனேசியாவில் ஒருவன் பரீஹா டிராவல்ஸை மலைப்பாதையில் ஓட்டி வீடியோ போட்டான். நசீர் வெட்டிய பைகள் துபாய் வரை போயிருக்கின்றன, எதிலும் அவன் பெயர் கிடையாது. இதில் இருந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பரீஹா நாலாம் வகுப்பு. எங்க வாப்பா பஸ் செஞ்சிருக்காங்க, அதில் என் பேர் போட்டிருக்கு என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் டீச்சர் ஆர்வமாகி, வருகிற சனிக்கிழமை வந்து பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லி எழுதி அனுப்பினார். நசீர் காரகானாவில் அதை எட்டுப் பேரிடம் காட்டினான்.

அந்த வாரம் புதன்கிழமைதான் தளத்தில் அவனுக்கு ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். "டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிஞ்சு பாருங்கோ." கீழே சுஷ்மா என்று ஒரு பெயர்.

விளையாட்டில் அப்படிக் குனிந்து பார்க்க முடியாது. பஸ்ஸின் வடிவத்தைத் தனியாகத் திறந்து, திருப்பிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்தான். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு இருந்தது. டிரைவர் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிற மாதிரி. இடதுகால் செருப்பின் வார் அறுந்து, அதில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கின் கம்பி வளைவுகூடத் துல்லியமாக இருந்தது. யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒருத்தர் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். 

அடுத்த செய்தியும் வந்தது. "அது நான் பண்ணின பஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ளே எடுத்துடுங்கோ. இல்லேன்னா புகார் எழுதுவேன்." புகார் நிரூபணமானால் தளத்துக்காரர்கள் கணக்கையே தூக்கிவிடுவார்கள். சீட்டு, ஹாரன், பெயர் எல்லாம் போகும். எடுத்தாலோ, சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் எதைக் காட்டுவது?

மன்சூர் அலிக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கியே மாப்ளே! கண்ணாடியத் தள்ளி வை, பம்பர மாத்து, அந்தச் செருப்பத் தூக்கு. சோலி முடிஞ்சுது. அப்புறம் யாரு வந்து கேப்பா?" காரகானாவில் அதுவும் வழக்கம்தான். பாக்கெட்டை ரெண்டு அங்குலம் இறக்கிவிட்டால் அது புது டிசைன்.

அன்று சாயங்காலமே நசீர் கண்ணாடியைத் தள்ளி வைத்தான். பம்பரை மாற்றினான். செருப்பை அழித்தான். அரிசி களைந்துகொண்டே மனைவி நுஸ்ரத் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தான்.

"அந்த அக்கா என்ன கேட்டாங்க? செருப்பையா கேட்டாங்க?" என்றாள்.

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியாதுதான். அதான் கேக்கேன்."

 மாற்றிய பஸ்ஸை அவன் ஏற்றவில்லை. வியாழன் முழுக்கக் காரகானாவில் ரெண்டு பேட்டர்னைத் தப்பாக வெட்டி வசவு வாங்கினான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், நம்பர் தர முடியுமா, பேச வேண்டும் என்று சுஷ்மாவுக்கு எழுதினான். தந்தாள். பள்ளிவாசலுக்கு வெளியே ஒரு ஓரமாக நின்று கூப்பிட்டான்.

"மேடம், நசீர் பேசுதேன். தாராவிலேருந்து."

"சொல்லுங்கோ. நான் ஆபீஸ்ல இருக்கேன், செம்பூர்ல."

"தப்புதான் மேடம். எங்க தொழில்ல இப்படித்தான் செய்வோம், அதே பழக்கத்துல செஞ்சுட்டேன். உங்க பேர முன்னால போட்டுருதேன். பஸ்ஸு மட்டும் இருக்கட்டும்னு சொன்னீங்கன்னா..."

"எத்தனை நாள்ல பண்ணினேள்?"

"நாலு நாளு மேடம்."

"எனக்குப் பதினாலு மாசம் ஆச்சு. ஆபீஸ் விட்டு வந்து தினம் ஒரு மணி நேரம். அப்பா அந்த பஸ்லதான் முப்பது வருஷம் வேலைக்குப் போனார். பஸ் நிக்கற எடத்துல டேப் வெச்சு அளந்தேன். வாட்ச்மேன் ரெண்டு தரம் துரத்தினான்."

 சுஷ்மா மேலும் சொன்னாள். "எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதியிருந்தா குடுத்திருப்பேன். சந்தோஷமாவே குடுத்திருப்பேன். உங்க சீட்டு அவ்வளவு நன்னா இருக்கு."

"அதான் இப்பக் கேக்கேன்லா மேடம்?"

"நீங்க இப்போ கேக்கலை. மாட்டிண்டதுனால பேசறேள்."

குரலில் கோபம் இருந்திருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பான். கோபமே இல்லை. நாளைக்கு மகள் பள்ளிக்கூடத்தில் காட்டணும் மேடம் என்று நாக்கு வரை வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "சரி மேடம், எடுத்துருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

காரகானாவுக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தான். நிச்சயமாக அழிக்கவா என்று தளம் கேட்டது. அழித்தான். பதினோராயிரமும், இந்தோனேசியாக்காரனும், அத்தனை பேர் எழுதிய பாராட்டும் ஒரே சொடுக்கில் போயின. தன் பக்கத்தில் நாலு வரி எழுதினான்: அந்த பஸ் சுஷ்மா செய்தது, கேட்காமல் எடுத்தேன், என்னுடையது சீட்டும் திரையும் ஹாரனும்தான், வேண்டியவர்கள் அவர் போட்டிருக்கும் பஸ்ஸை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு குழுவில் பேசினான்.

"தம்பிங்களா, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அடுத்தவங்க செஞ்சத எடுக்கதுக்கு முன்னால கேளு. பதில் வரலேன்னா வேண்டாம்னு அர்த்தம். வேண்டாம்னா வேண்டாம்தான், ஏன்னு கேட்டு நச்சரிக்காத. சரின்னு சொன்னா அவங்க பேர மேல போடு. எடுத்துட்டுக் கேட்டா அது கேக்கது இல்ல. நான் அப்படித்தான் செஞ்சேன்." கேட்டுவிட்டு ஆறு பேர் குழுவை விட்டே போனார்கள். ஒருத்தன் திருடன் என்று எழுதினான். நசீர் பதிலுக்குத் திட்டவில்லை.

பரீஹா பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றும்போதே கேட்டாள். "வாப்பா, நாளைக்கு எந்த ரோட்ல ஓட்டிக் காட்டுவீங்க?"

"பஸ்ஸ எடுத்துட்டேம்மா. அது வாப்பா செஞ்ச பஸ்ஸு இல்ல. வேற ஒருத்தங்க செஞ்சது. கேக்காம எடுத்து உன் பேர எழுதிட்டேன்."

"அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"சீட்டு."

 அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப நாளைக்கு நீங்க வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு நுஸ்ரத்திடம் போய் ஒட்டிக்கொண்டாள்.  போகாமலே இருந்துவிடலாம், காய்ச்சல் என்று சொல்லி அனுப்பலாம் என்றெல்லாம் நசீர் யோசித்தான்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனான். டீச்சரின் கம்ப்யூட்டரில் விளையாட்டையும் சுஷ்மாவின் பஸ்ஸையும் இறக்கி, அந்தச் சப்பைச் சீட்டோடும் ஆட்டுக்குட்டி ஹாரனோடும் ஓட்டிக் காட்டினான். இதைச் செய்தவர் செம்பூரில் இருக்கிறார், பதினாலு மாதம் உழைத்தார், நான் கேட்காமல் எடுத்து என்னுடையது என்று சொன்னேன் என்று இந்தியில் சொன்னான். பிள்ளைகளில் சிலர் சிரித்தார்கள். பரீஹா கடைசி வரை தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பத்தடி முன்னாலேயே நடந்தாள். நசீர் கூப்பிடவில்லை, அவள் வேகத்துக்குப் பின்னால் போனான். தொண்ணூறடி ரோட்டைக் கடக்க வேண்டிய இடம் வந்தது. டெம்போக்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன. பரீஹா நின்றாள். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். நசீர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.