பெருமாளுக்குக் கீழே ஒரு முகம்

என் கை ஆடும். நோயெல்லாம் இல்லை, பிறவியிலேயே அப்படி. காபி கொண்டுவந்தால் பாதி டபராவுக்குப் போய்விடும். டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிதில் நான் எடுத்த படங்களில் எல்லோருக்கும் இரண்டு மூக்கு இருந்தது. "உன் படத்தைப் பார்த்தா ஊர்ல பூகம்பம் வந்த மாதிரியே இருக்குது" என்பார் என் கணவர். அதே மனிதர்தான் ஒருநாள் சென்னைக்குப் போய்விட்டு வரும்போது, கை நடுக்கத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும் ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்கிவந்து கையில் கொடுத்தார். அது அன்பா, கிண்டலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, கேமரா பட்டனைப் பாதி அழுத்தினால் உள்ளே ஈ மாட்டிக்கொண்டது போல மெல்லிய சத்தம் வரும். கண்ணுக்கு முன்னால் தளும்பிக்கொண்டிருந்த கோபுரம் அப்படியே நின்றுவிடும். முதல் தடவை எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து, கோபுரத்துக் கிளியின் கழுத்தில் இருக்கும் வளையம் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி யாரோ ஒருவர் மாடியில் முகச்சவரம் செய்துகொள்வதும் தெரிந்தது. அவசரமாக லென்ஸைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் ஒரு வாரம், வங்கியில் என் கவுண்டருக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த லென்ஸின் பெருமையைக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. இனிமேல் எதுவுமே ஆடாது என்று அளந்துவிட்டேன்.

அந்த அளப்பு எதிர்வீட்டுக்காரர் காதிலும் விழுந்துவிட்டது. அவர் டவுன் பஸ் கண்டக்டர். உற்சவம் வந்தால் லீவு போட்டுவிட்டு ஸ்ரீபாதம் தாங்கியாகிவிடுவார். அதாவது, பெருமாள் வீதியுலா வரும்போது வாகனத்தின் தண்டைத் தோளில் சுமப்பவர்களில் ஒருவர். அவருக்கு முன்வரிசையில் இடம்.

"அக்கா, பெருமாளை எல்லாரும் படம் எடுக்கிறாங்க. எங்களை எடுத்தா தோளோட வெட்டிட்றாங்க. நான் தூக்கிக்கினு வர்றப்போ மூஞ்சி தெரியிற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்கக்கா" என்றார்.

"எதுக்கு, பாஸ்போர்ட்டுக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு உற்சவத்துக்கும் அவர் மனைவி தெருமுனையில் வந்து நிற்பாளாம். வீடு திரும்பியதும் இவர், "என்னைப் பார்த்தியா?" என்று கேட்பாராம். "நான் பெருமாளைப் பார்த்துக்கினு இருந்தேன், உங்களை எங்க பார்க்கிறது?" என்பாளாம். ஒரு தடவைகூட அந்தப் பதில் மாறியதில்லையாம்.

"பஸ்ல டிக்கெட் கிழிக்கிறதைத்தான் அவ பார்த்திருக்கா. அங்க நான் எப்படி இருப்பேன்னு அவளுக்குத் தெரியணும்க்கா" என்றார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "இதெல்லாம் ஒரு வேலையா? எடுத்துட்டாப் போச்சு" என்றேன்.

உற்சவத்தின் முதல் நாள் மாலையே மானம் போயிற்று. தெருவோரச் சுவர் அத்தனை தெளிவு, அதில் ஒட்டியிருந்த டியூஷன் நோட்டீஸைக்கூடப் படிக்கலாம். எதிர்வீட்டுக்காரர் மட்டும் குழைந்துபோன உப்புமா. அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. இந்த லென்ஸ் என் கை ஆடுவதை நிறுத்துமே தவிர, ஊர் ஆடுவதை நிறுத்தாது. தாங்கிகள் சும்மா நடப்பதில்லை. பெருமாளே நடந்து வருகிறார் என்று தோன்றும்படி பக்கவாட்டில் அசைந்து அசைந்து வருவார்கள். அந்த அசைவை எந்த சுவிட்சைத் தள்ளி நிறுத்துவது?

மறுநாள் புத்திசாலித்தனமாக, கற்பூர ஆரத்திக்கு வாகனம் நிற்கும் இடத்தில் போய்க் காத்திருந்தேன். வாகனம் நின்றது. நின்றதும் தண்டைக் கட்டைகளின்மேல் ஏற்றிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து நீர்மோர் குடித்தார்கள். நீர்மோர் படம் அருமையாக வந்தது.

"இதை வெச்சிக்கினு நான் என்னாக்கா பண்றது?" என்றார் அவர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த மாலை கேமராவைத் தொடாமல் அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தேன். தெருமுனையில் விஷயம் பிடிபட்டது. வாகனம் திரும்ப வேண்டுமென்றால் பின்வரிசை கால்வட்டமாகச் சுற்றி வர வேண்டும். அதுவரை முன்வரிசை, பாரத்தோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மறுநாள் அதே முனையில், சைக்கிள் கடை பெஞ்சின்மேல் ஏறி நின்றேன். கூட்டம் நெருக்கியது. கை வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. வாகனம் வந்து முனையில் நின்றது. பாதி அழுத்தினேன், உள்ளே ஈ முனகியது, எதிர்வீட்டுக்காரர் என் கண்ணெதிரே அசையாமல் நின்றார். புடைத்த கழுத்து நரம்பு, வேர்வையில் கலைந்த திருமண், தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்த துண்டு. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிற முகம். பட்டனை முழுதும் அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். அவள் ஒரு நிமிடம் பார்த்தாள்.

"பெருமாள் எங்கக்கா?"

நிஜம்தான், பெருமாளின் மாலை நுனி மட்டும்தான் படத்தில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. எனக்கு அவள்மேல் சுறுசுறுவென்று கோபம் வந்தது. அதை மறைக்க, திருமண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன் பேர்வழி என்று மௌஸை உருட்டினேன். படம் நகர்ந்து, அவருக்குப் பக்கவாட்டில் நின்ற கூட்டம் திரைக்கு வந்தது. வரிசையாகக் கூப்பிய கைகள். எல்லா முகமும் மேலே அண்ணாந்திருந்தது. ஒரே ஒரு முகம் மட்டும் அண்ணாந்திருக்கவில்லை. லேசான மங்கல்தான், ஆனாலும் யாரென்று தெரிந்தது. கை பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, கண் நேராக இவர்மேல் இருந்தது.

நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"துண்டு நழுவுதேன்னு பார்த்தேன்" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. "தண்டு தோளை அறுத்துடுமேன்னு."

"இந்த வருசம் மட்டுமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"வருசா வருசம்தான் நழுவுது. ஒழுங்கா மடிச்சிப் போடத் தெரிஞ்சாத்தானே."