ஆறு வயதில் முளைத்த பல்

அந்த எலக்ட்ரீஷியனுக்கு, உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கட்டிங் பிளேயர். பையில் அசல் பிளேயர் சும்மா கிடக்கும். ஒயரின் தோலை உரிப்பதெல்லாம் முன்பல்தான். ஏணி உச்சியில் நின்றுகொண்டு பையைத் துழாவ யாருக்குப் பொறுமை? இருபது வருடம் இப்படி உரித்ததில் மேல்வரிசையில் ஒரு பல் பாதியாக உடைந்தது, பக்கத்துப் பல் ஆட்டம் கண்டது. அன்றிலிருந்து மனிதர் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்.

தன் கதி மகளுக்கு வரக்கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தார். எத்தனை அவசரமானாலும், காலையில் அவள் பல் தேய்த்து முடித்ததும் டார்ச் அடித்து, "ஈ காட்டு" என்பார். அவளும் காட்டுவாள். முன்வரிசை பளிச்சென்று இருக்கும். அதோடு பரிசோதனை முடிந்தது. ஆ காட்டச் சொல்ல வேண்டும் என்று அந்த மண்டையில் உதிக்கவே இல்லை.

அவளுக்கு ஆறு வயதானபோது, பால் பற்களுக்குப் பின்னால் நான்கு மூலையிலும் புதிதாகப் பல் வந்தது. எந்தப் பல்லும் விழாமலே வந்ததால், அவற்றையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிட்டார். மறு வருடம் அவற்றில் ஒரு கீழ்ப்பல்லில் கறுப்புப் புள்ளி விழுந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் காட்டலாம் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. கட்டடம் எழும்பும்போது தற்காலிகமாக ஒரு ஒயர் இழுத்து பல்பு மாட்டுகிறோம், அதற்குப் போய் யாராவது சுவரை உடைத்துக் குழாய் பதிப்பார்களா, விழப்போகிற பல்லுக்கு வைத்தியம் எதற்கு என்று விளக்கம் வேறு கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். தனக்கு எல்லாம் தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார். தெரிந்த மாதிரி பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

எட்டு வயதில் கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொண்ட பிறகுதான் பல் மருத்துவமனைக்கு ஓடினார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பால் பல் இல்லைங்க. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு."

புள்ளியாக இருக்கும்போதே வந்திருந்தால் அடைத்து அனுப்பியிருக்கலாம், கொஞ்ச நேர வேலை என்றார். இப்போது பல் ஈறு வரை உடைந்து, வேரில் சீழ் கோத்திருந்தது. எடுப்பதைத் தவிர வழியில்லை. மற்ற மூன்றிலும் மேலே இருக்கும் பள்ளங்களை இப்போதே பூசி மூடிவிட்டால் அவை தப்பிக்கும் என்றார். மனைவி மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எலக்ட்ரீஷியனுக்கு இருந்தது.

வீக்கம் வடிய மருந்து கொடுத்து, ஐந்தாம் நாள் பல்லை எடுத்தார்கள். பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்த மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. பஞ்சை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"எப்பப்பா முளைக்கும்?"

சீக்கிரம் என்று சொல்லிவிட்டால் வீடு போய்ச் சேரும்வரைக்குமாவது நிம்மதி. நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"முளைக்காதும்மா. பால் பல்லுன்னு நெனச்சுட்டேன். அப்பாவுக்குத் தெரியல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"தெரியலன்னா யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்லப்பா?"