ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவே

தலைநகரின் லோதி தோட்டத்தில் இரண்டு பெரிய குவிமாடக் கட்டடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை, பனிமூட்டத்தில், அவற்றுக்கு நடுவே மாறி மாறி ஓடினேன். முன்னால் ஓடிப்போன என் பன்னிரண்டு வயது மகளைக் காணவில்லை. அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் என் கைப்பையில் இருந்தது.

கடைசியில், ஒரு குவிமாடத்தை ஒட்டியிருக்கும் பழைய மசூதியின் படியில் உட்கார்ந்திருந்தாள். மருந்தை இழுத்து மூச்சு சீரானதும் சொன்னாள்: "பைத்தியம் மாதிரி ஓடினியேம்மா! நான் இங்கயேதான் இருந்தேன். உன் செருப்புச் சத்தம் கேட்டுது. கூப்பிடத்தான் மூச்சு வரல."

அதன்பின் மூன்று வாரம் அவளைப் பள்ளிக்குத் தவிர எங்கும் விடவில்லை. "ஜெயில்ல கூட பார்க் இருக்கும்" என்றாள்.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை அக்கா கீழக்கரைக்காரர். போன வருடம் மக்காவுக்குப் போய்வந்தவர். மதியச் சாப்பாட்டின்போது, தோட்டத்தில் ஓடியதை அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். டப்பாவை மூடிவைத்தார்.

"அங்க பெரிய பள்ளிவாசலுக்குள்ளயே இதே மாதிரி ஒரு ஓட்டம் இருக்கு, தெரியுமா?"

காபாவைச் சுற்றி வருவது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் சொன்னார். தண்ணீரே இல்லாத பள்ளத்தாக்கில் கைக்குழந்தையோடு விடப்பட்ட, இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜர், தண்ணீர் தேடி ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு நடுவே ஏழு முறை போய்வந்தாராம். தண்ணீர் பீறிட்டதோ குழந்தையின் காலடியில். அதுதான் ஜம்ஜம் ஊற்று. காபாவை இப்ராஹீம் நபியும் வளர்ந்த அந்தப் பிள்ளையும் கட்டியது அதற்கப்புறம்தான். குன்றுகள் இரண்டும் இன்று பள்ளிவாசலுக்குள். நடுவே பளிங்குத் தரை, ஏசி.

"தண்ணி குழந்தைகிட்ட வந்துதுன்னா, ஓடினது வீண்தானே அக்கா? அதை எதுக்கு எல்லாரும் திரும்பச் செய்யணும்?"

"வீணான ஓட்டத்தையா இத்தனை கோடிப் பேரு நடந்து பாக்குறாங்க?" என்றார். "நடுவுல பச்சை லைட்டு போட்ட ஒரு இடம் இருக்கு. அப்ப அது தாழ்வான இடமாம். அங்க இறங்குனா குழந்தை கண்ணுல படாது. அதான் அந்த இடத்துல மட்டும் ஓடியிருக்காங்க."

கண்ணில் படாத இடத்தில் மட்டும். நானும் டப்பாவை மூடிவைத்தேன்.

"அப்ப பொம்பளைங்க எல்லாரும் அங்க ஓடணுமா?"

"அதான் இல்ல. ஆம்பளைங்கதான் ஓடணும். நாம நடந்தாப் போதும்."

"ஒரு தாய் ஓடினதுக்கு ஆம்பளைங்களா?"

"எனக்கும் அதே கேள்விதான். எங்க ஊட்டுக்காரரு தொப்பையத் தூக்கிக்கிட்டு ஓடுனாரு. நான் நிதானமா நடந்தேன். நமக்கும் சேத்து ஹாஜரே ஓடிட்டாங்கன்னு வச்சுக்கிட்டேன்."

அன்று மாலை கடையில் இன்னொரு இன்ஹேலர் வாங்கினேன். இடுப்பில் கட்டும் சின்னப் பையில் அதையும் ஒரு விசிலையும் போட்டு மகளிடம் கொடுத்தேன்.

"மூச்சு இல்லன்னா விசில் எப்படிம்மா ஊதுறது?" என்றாள். விசிலை எடுத்துவிட்டு, சாவிக்கொத்தில் இருந்த சலங்கையைக் கழற்றிப் பையின் வெளியே கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வெயில் இருந்தது. அவள் முன்னால் ஓடினாள். ஒரு வளைவில் செடிவேலி அவளை மறைத்தது. கால் தானாக வேகம் எடுத்தது. சலங்கை கேட்டது. நடந்தேன்.