திருக்கை முள் இல்லாத கால்

மூன்றாம் முறை மருந்தேற்றிய காலோடு ஆஸ்பத்திரியை விட்டு வந்து, பஸ்ஸிலிருந்து இறங்கி, ஓலைத்தொடுவாய்க் கடற்கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். முழங்கால்வரை இறுக்கமான காலுறை. வயிற்றில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கரைவலை இழுக்க எங்கே ஆள் தேவையோ அங்கே போய்விடுவேன். பிறந்ததிலிருந்தே கெண்டைக்காலில் ஒரு நீல மறு. ஒருநாள் வலை இழுக்கையில் அதே இடத்தில்தான் திருக்கை மீன் வால்முள்ளால் அடித்தது. சுடுநீரில் காலை வைத்ததும் வலி இறங்கியது. ஆனால் மறு வீங்கிக் கட்டியானது. அழுத்தினால் உள்ளே கடுகுபோல் தட்டுப்படும். முறிந்த முள் என்றார்கள். நானும் நம்பினேன்.

"முள்ளோட திரிஞ்சா கால் அழுகிப்போகும். ஒரு கீறல்தான், எடுத்துவிடுறன்," என்றார் சம்மாட்டி. வலை அவருடையது. பலருக்கு முள் எடுத்தவர். மீன் வெட்டும் கத்தியைக் கொதிநீரில் போட்டார்.

கத்தியின் நுனிதான் பட்டது. இரத்தத்தில் துவாய் நனைந்தது, உடுத்திருந்த சாரம் நனைந்தது.

"டேய், உனக்கு ஓடுறது ரத்தமா தண்ணியா?" என்று சிரித்தவர், இரண்டாவது துவாயும் நனைந்தபோது தானே என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்.

முள்ளே இல்லை என்றார் டாக்டர். அது பிறவியிலேயே வந்த நாளக் கோளாறு (நாளங்கள் பைபோல் விரிந்து இரத்தம் தேங்குவது). கடுகுபோல் இருந்தவை உறைந்து கல்லான இரத்தம்.

"அப்ப ஏன் டொக்டர் ரத்தம் நிக்கேல்லை?"

"கட்டிக்குள்ள ஓயாம உறையுது தம்பி. உறையிறதுக்கு வேண்டிய சத்தை அதுவே திண்டு முடிக்குது. மற்ற இடத்துக்கு மிச்சமில்லை."

ஸ்க்ளீரோதெரபி (நாளத்துக்குள் மருந்தேற்றி அதன் சுவரைச் சுருங்கி மூடவைப்பது) செய்தார்கள். அதன்பின் அந்தச் சத்து இன்னும் இறங்கலாம் என்பதால் முன்னும் பின்னும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி (உறைதலைத் தடுக்கும் மருந்து). நிற்காத இரத்தத்துக்கு உறையவிடாத மருந்தா என்று கேட்டேன். கட்டி தின்பதை நிறுத்தினால்தான் மற்ற இடத்துக்கு மிஞ்சும் என்றார். காலில் இப்படி நீலக் கட்டி உள்ளவர்கள், இரத்தம் சோதிக்காமல் யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள்.

வார்டில் கண் விழித்ததும் விரலால் பல் முரசைத் தடவிப் பார்ப்பேன், சிவப்பு வருகிறதா என்று. இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தப் பாதையில் நடந்து கரையிலிருந்த மீன்வாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சம்மாட்டி கதிரையை இழுத்துப் போட்டார். என் காலைப் பார்க்கவில்லை.

"வலை இழுக்க வேண்டாம். இருந்துகொண்டு மீன் வெட்டு."

பலகையில் அதே கத்தி கிடந்தது. அன்று அது இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் நான் இந்த மணலிலேயே வடிந்து முடிந்திருப்பேன்.

"கத்தி வேண்டாம் சம்மாட்டி. ஊசி இன்னும் முடியேல்லை."

"அப்ப காகம் கலைப்பியோ? கிழவியளின்ர வேலை."

"ஓம், கலைப்பன்."

மறுநாள் காலை கருவாட்டுப் பாயைச் சுற்றிப் பனைமட்டையோடு நடந்தேன். காகம் வந்து இறங்கும்போதெல்லாம் விரட்டினேன். வராதபோதும் நடந்தேன். முன்பு வலை கரையேறினால் அந்த நாள் முடிந்தது. இப்போது நின்றால், காலுக்குள்ளே எதுவோ தேங்கத் தொடங்குவது கேட்கிறது.